வீங்காத காலைப் பார்த்துப் பயந்தவள்

செய்தி வந்தபோது நான் கடையில் நங்கூரக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறு, வலை, ஈயக்குண்டு, சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு வேண்டிய முகக்கண்ணாடி, கால்துடுப்பு எல்லாம் விற்கும் கடை என்னுடையது. தூத்துக்குடிக் கடலில் மிதக்கிற எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் என் கடைக் கயிறு ஒரு முழமாவது இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அப்படி இருக்கிறது. போனில் என் மனைவி தங்கக்கனி. "ஏங்க, செல்வம் போயிட்டா" என்றாள். கல்லூரி வேலையாகச் சென்னைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, "சொல்லாமக் கொள்ளாம எங்க போனா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. கையிலிருந்த கயிறு தானாகச் சுருண்டு தரையில் விழுந்தது.

முனைவர் செல்வக்கனி என் மனைவியின் தங்கை, என் கொழுந்தியாள். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தவள். காலையில் கல்லூரிக்குக் கிளம்பிச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிற கோலத்திலேயே போய்விட்டாள்.

கல்லூரியில் போடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவள்? அவளைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆகவே நீங்களே சொல்லுங்கள். எனக்கு இருப்பது துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. உண்மையைச் சொன்னால் ஆத்திரம் முக்கால்.

கல்லூரி இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் பேசியவர், இவர் மீன்வளம் பெருக உழைத்தவர் என்றார். அடுத்தவர், விஷக்கடிக்கு மருந்து கண்டுபிடித்தவர் என்றார். மூன்றாமவர் கவிதை வாசித்தார். அதில் நிலா இருந்தது, நட்சத்திரம் இருந்தது, செல்வக்கனி இல்லை. இத்தனை வருஷம் ஒரே காம்பவுண்டுக்குள் டீ குடித்தவர்கள், அவள் என்ன வேலை பார்த்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் உறவினர் சார்பில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன்தான். ஆனால் மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது. பெரிய பெரிய ஆட்களே என்னிடம் வந்து பேச்சுக்கு யோசனை கேட்டுப் போன காலம் உண்டு. நான் சங்கு குளிக்கிற மிக்கேலின் காலைப் பற்றி ஆரம்பித்தேன், எங்கள் கடைத்தெரு மருந்துக்கடை வரைக்கும் வந்தேன். மைக் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதாம். தலைக்கு மேலே ஃபேன் மட்டும் ஜாம்ஜாமென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து எங்கள் கடைத்தெருவில் நுழைந்தால், அங்கே ஒரு பேனர். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் செல்வக்கனியின் படம். கீழே, 'எங்கள் கடையின் நலம்விரும்பி' என்று போட்டு மருந்துக்கடையின் பெயர். அதற்கும் கீழே, 'உடல்வலி, மூட்டுவலி, வீக்கம், உடனடி நிவாரணம்.' கடைக்காரர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த விளம்பரமும் அவருக்கு எதற்கு? எந்தக் கடையின் வாசலில் நின்று அவள் நாக்கு வறள வறளச் சண்டை போட்டாளோ, அந்தக் கடையின் நலம்விரும்பி ஆக்கிவிட்டார்கள் அவளை. ஒருத்தி செத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சுவது, அவள் எதற்காகச் சண்டை போட்டாள் என்பது ஒன்றுதான். அதையும் உருவிக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். இல்லாவிட்டால் எனக்குக் கணக்குச் சீட்டு எழுதத்தான் பேனா.

அவள் பார்த்த வேலை இதுதான். உடம்பில் ஓர் இடத்தில் அடிபட்டால், இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு எப்படி வழி கண்டுபிடித்துப் போகின்றன? கேட்டால் சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். அவள் ஆயுசு முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுடைய ஆய்வகத்துக்கு மீன் தொட்டி மோட்டாரைச் சரிபார்க்கப் போனேன். அவள் வளர்த்தது வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட குட்டி மீன். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். "அத்தான், வாங்க, ஒரு அதிசயத்தக் காட்டுதேன்" என்று நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள்.

"மூச்ச மெதுவா விடுங்க, கண்ணாடில ஆவி படியுது. என்ன தெரியுது?"

"தண்ணி தெரியுது."

"தண்ணிக்குள்ள மீன் குஞ்சு தெரியலயா? வால் நுனியப் பாருங்க. அங்கன துளியூண்டு வெட்டி விட்டிருக்கேன்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தண்ணீருக்குள் தண்ணீர்த்துளி நகர்வது மாதிரி ஏதோ ஒன்று ஊர்ந்தது. இரத்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, சதைக்குள் புகுந்து, முன்னால் ஒரு கையை நீட்டுவதும் பின்னால் வாலை இழுப்பதுமாக வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்துப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் மாதிரி. எங்கள் தெருவில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஏன், இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அதுக்குக் கண்ணு கெடையாது, காதும் கெடையாது. பின்ன எப்படி வழி தெரியுது சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"மேனேஜர் எவனாவது உள்ள இருப்பான்" என்றேன்.

"மேனேஜரே கெடையாது அத்தான். அதுதான அழகு!" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு அம்மாள், மீன் வாலை வெட்டின பாவம்தான் இவளைச் சின்ன வயசிலேயே கொண்டுபோயிற்று என்று காதில் விழும்படி சொன்னார். அந்த அம்மாளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குஞ்சு மீனுக்கு அந்த வால் நுனி தானாக வளர்ந்துவிடும். நானே பார்த்தேன், முன்னைவிட அழகாக வளர்ந்தது. வாரம் தவறாமல் சந்தையில் வஞ்சிரம் துண்டு போட்டு வாங்கிப்போகிற கையால் செல்வக்கனியைப் பார்த்து விரல் நீட்ட வேண்டாம்.

அந்தத் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாரை வாங்கிக் கொடுத்தது நான். ஆகவே ஆராய்ச்சியில் பாதி என்னுடையது என்று சொல்வேன். அவள் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தபோது கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரையும் போட்டிருந்தாள். ஜெர்மனிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த விஞ்ஞானி யார் என்று விசாரித்ததாகக் கேள்வி. இதை நான் சொன்னபோதெல்லாம் அவள், "யார்ட்ட கேள்வி அத்தான்? ஒங்ககிட்டயா?" என்று கேட்பாள்.

மேனேஜர் இல்லாமல் எப்படி என்பதை இன்னொரு நாள் கடைத்தெருவில் வைத்து விளக்கினாள். பேக்கரியில் மக்ரூன் வேகிற நேரம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சூட்டில் பொரிகிற அந்த வாசனை தெருவையே தூக்கிக்கொண்டு போகும். "கண்ண மூடிக்கிட்டு கடைக்கு நடங்க" என்றாள். நடந்தேன். வாசனை குறைந்தால் நின்றேன், கூடினால் அந்தப் பக்கம் திரும்பினேன். பாதி வழியில் கருவாட்டுக் கூடைக்காரம்மா மேல் முட்டி, "ஏ பெரிய மனுசா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"பாத்தியளா? வாசம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் திரும்புனிய. அடிபட்ட சதை அந்த மாதிரி ஒண்ண வெளிய விடும். அது ஒரு வகைப் புரதம். கீமோகைன்னு பேரு. புண்ணுக்குக் கிட்டப் போகப் போக அடர்த்தியா இருக்கும், தள்ளிப் போனா நீர்த்துப் போயிரும். வெள்ளணு மேல அதப் புடிக்குத கொக்கி இருக்கு. எந்தப் பக்கத்துக் கொக்கில நெறைய மாட்டுதோ, அந்தப் பக்கம் நகரும். அம்புட்டுத்தான்."

"இதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்காவ?"

"இதுக்குத்தான். இன்னொண்ணும் இருக்கு. நீங்க கூடைக்காரம்மா மேல முட்டுனிய. வெள்ளணு முட்டாது. இரத்தம் வேகமா இழுத்துட்டுப் போவும்லா? புண்ணுக்குப் பக்கத்துல குழாய்ச் சுவரு பிசுபிசுன்னு ஆயிரும். அதுல ஒட்டி, உருண்டு, வேகம் கொறஞ்சு நிக்கும். பொறவு சுவத்துல இடுக்குப் பாத்து நுழைஞ்சு வெளிய வந்துரும். நீங்க நுழைவியளா?"

"இந்த வயித்த வச்சுக்கிட்டா?" என்றேன். அன்றைக்கு நான் தின்ற மக்ரூனைக் கணக்கு வைத்திருந்தால் அதற்கே ஒரு பட்டம் கொடுத்திருப்பார்கள்.

அடிபட்ட இடம் சிவப்பதும் சுடுவதும் வீங்குவதும் வலிப்பதும் இந்தப் போக்குவரத்தால்தான் என்று அவள் சொல்வாள். "வீக்கம்கிறது சீக்கு இல்ல அத்தான், வேல நடக்குன்னு அர்த்தம்." இந்த ஒரு வரிக்காகத்தான் மருந்துக்கடைக்காரருக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

மிக்கேல் திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிக்கிறவர்களில் அவரைப் போல் மூச்சுப் பிடிக்கிறவர் கிடையாது. அவர் உள்ளே போன பிறகு நான் ஒரு டீயைச் சொல்லி, ஆறவைத்து, குடித்து முடித்திருக்கிறேன், அதன் பிறகுதான் மேலே வந்தார். கடல் தெளிந்து கிடந்த ஒரு சமயம், அடியில் மணலோடு மணலாகப் படுத்திருந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வால் முள்ளால் பாதத்தில் குத்திவிட்டது. பாய் விரித்த அளவுத் திருக்கை. செல்வக்கனி இருந்தால், "மிக்கேல் அண்ணன் சாப்பாட்டுத் தட்டளவுன்னுதான் சொன்னாவ" என்று திருத்தியிருப்பாள். போகட்டும், முள் குத்தியது உண்மை.

கால் வீங்கியது. வீங்கிய காலில் கால்துடுப்பு ஏறாது. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான், அதில் ஒரு நாளைக்கூட விட யாருக்கும் மனசு வராது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மருந்துக்கடையில் போய், "ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று பெயர் இல்லாத மாத்திரைகளை ஒரு சின்னப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். உப்பளத்தில் கால் வெடித்தவர்களும் வாங்குவார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் வாங்குவார்கள். காலையில் டீ, வடை, செட்டு. மிக்கேலும் போட்டார். மறுநாளே வீக்கம் வடிந்தது. வலியும் போயிற்று. கடலுக்குப் போனார். வலி தலைகாட்டினால் இன்னொரு பொட்டலம். இப்படியே வாரக்கணக்கில் ஓடியது.

அப்புறம் ஒருநாள் என் கடைக்கு மனைவி லூர்துவோடு வந்தார். "அண்ணாச்சி, துடுப்பு ஒரு சைஸ் சின்னதா குடுங்க. கால் வத்திட்டு" என்றார். செல்வக்கனி அப்போது கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"வத்திட்டா? எங்க, காட்டுங்க."

"ஒண்ணுமில்ல டீச்சர். திருக்கை அடிச்சது. யானக்கால் மாதிரி வீங்குச்சு. செட்டு போட்டேன், பாருங்க, வீக்கம் போன எடம் தெரியல."

கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். பாதத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நாற்றம் வந்தது. ஆனால் சுற்றியிருந்த சதையில் சிவப்பு இல்லை, சூடு இல்லை, வீக்கம் இல்லை. செல்வக்கனி விரலால் ஓரத்தை அழுத்தினாள். மிக்கேல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலயா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஊரே வீங்கின காலைப் பார்த்துத்தான் பயப்படும். வீங்காத காலைப் பார்த்துப் பயந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"புண்ணு இருக்கு, வீக்கத்தக் காணோமே!" என்றாள்.

"நல்லதுதானளா?" என்று கேட்டேன்.

"நல்லதா? படகுல ஓட்டை விழுந்து தண்ணி ஏறுது. கரையப் பாத்துச் சத்தம் போட வேண்டியவன் வாயில துணிய வச்சு அமுக்கியிருக்காவ. இது நல்லதா அத்தான்?"

பிறகு மிக்கேலைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். அந்தப் பொட்டலத்தில் இருக்கிற ஒரு மாத்திரை லேசுப்பட்டதில்லை. டாக்டர் பார்த்து அளவோடு கொடுத்தால் உயிரையே காப்பாற்றும். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் புண் கொடுக்கிற சத்தத்தை அடக்கிவிடும். குழாய்ச் சுவரில் பிசுபிசுப்பு வராது. வெள்ளணுக்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும், புண்ணில் இறங்க மாட்டா. கிருமிக்குத் திருவிழா.

லூர்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மீனுக்குத்தான டீச்சர் படிச்சிருக்கிய? மனுசனுக்கு மருந்துக்கடைக்காரர் சொல்லுதாரு. வத்துன கால வீங்க வைக்கணும்னு சொல்ல ஒரு படிப்பா?"

"ஆமாக்கா, மீனுக்குத்தான் படிச்சேன். நான் வைத்தியம் பாக்கல. பாக்குறவங்ககிட்டப் போங்கன்னு சொல்லுதேன். பெரியாஸ்பத்திரிக்கு இன்னைக்கே போங்க. பொட்டலத்தயும் கொண்டுபோயிக் காட்டுங்க. நீங்களா சட்டுனு நிறுத்திப் போடாதிய, அதுவும் ஆபத்து. டாக்டருதான் கொறைக்கணும்."

போகவில்லை. மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது, எப்படிப் போவார்? ஆனால் செல்வக்கனிக்கு அவரைத் தெரியும். விடிந்து வெளிச்சம் பரவியதும் படகுத்துறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிக்கேலின் படகைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அது என் கடைக் கயிறு, யானை இழுத்தாலும் அறாது.

"டீச்சர், எந்திரிங்க. ஆளுக எல்லாம் சிரிக்கானுவ."

"சிரிக்கட்டும்."

படகில் இருந்த ஒருவன், "டீச்சரும் சங்கு எடுக்க வாராவளோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"வாரேன்ல. இவரு கால அறுக்கும்போது அமுக்கிப் புடிக்க நீ வாரியா?" என்றாள். சிரிப்பு நின்றது. மிக்கேல் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் காலைப் பார்த்தார். பிறகு படகிலிருந்து இறங்கினார். அவரை என் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவரை ஓடினேன் என்று நான் சொல்வதுண்டு. ஓடவில்லை, நடந்தேன். தூக்கியது நிஜம்.

பெரியாஸ்பத்திரியில் உள்ளே ஒடிந்து கிடந்த முள்துண்டை எடுத்தார்கள். அழுகிப்போன இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, கிருமிக்கு ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து செல்வக்கனி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். "அத்தான்! வீங்கிட்டு! சிவந்து, சுட்டுக்கிட்டு, மிக்கேல் அண்ணன் வலி தாங்காம கத்துதாவ!" அவ்வளவு சந்தோஷம் குரலில். பக்கத்துக் கட்டில்காரர்கள் இவளுக்கு மூளை பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள். புண் அதன் பிறகு ஆறியது.

இப்போது கேளுங்கள், எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று. மிக்கேல் வீடு திரும்பியதும் தெருவில் என்ன பேச்சு தெரியுமா? வீக்கம் வடிந்தது மருந்துக்கடைக்காரர் மாத்திரையால், விரல் போனது ஆஸ்பத்திரியால், இரண்டுக்கும் நடுவில் புகுந்து கெடுத்தது டீச்சர். இதைச் சொன்ன வாய்களில் சில அவள் சாவுக்கு வந்து ஒப்பாரியும் வைத்தன.

அவள் நேரே மருந்துக்கடைக்குப் போனாள். "இந்த மாத்திரைக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சத்து மாத்திரை டீச்சர்."

"சத்துக்குப் பேரு இருக்கும்லா? சொல்லுங்க."

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தச் சீழு, புண்ணு எல்லாம்? பிள்ளையளுக்குப் பாடம் நடத்துங்க."

அன்றிலிருந்து அவளுக்குச் சீழ் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. கல்லூரி விட்டு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, செட்டு வாங்குகிறவர்களிடம் பேசினாள். "சீழுன்னா கேவலமா நெனைக்காதிய. ஒங்களுக்காக வந்து சண்டை போட்டுச் செத்துப்போன அணுக்கள்தான் அது. செத்தவங்களுக்கு ஒரு மரியாத வேண்டாமா?" என்பாள். சிலர் கேட்டார்கள், பலர் ஒதுங்கிப் போனார்கள். மருந்துக்கடைகளைச் சோதிக்கிற அதிகாரிகளுக்கும் சொல்லிப் பார்த்தாள். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பொட்டலத்தின் நிறம் மட்டும் மாறியது. சாகும் வாரம்வரை அந்த வாசலில் நின்றாள்.

அந்த வாசலில்தான் அந்தப் பேனர். நான் கயிறு அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். அறுக்கப்போனது பேனரைத்தான், ஆனால் கடைக்காரர் பார்த்த பார்வையில் எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

"அண்ணாச்சி, மரியாதைக்குத்தான வச்சேன். செத்தவங்க மேல நமக்கென்ன பகை?"

"ஒமக்கு என்னவே மரியாத? அவ இருக்கும்போது சீழ் டீச்சர், செத்தா நலம்விரும்பியா? கீழ போட்டிருக்கீரே வீக்கம், நிவாரணம்னு, அத அவ மூஞ்சிக்குக் கீழ போட ஒமக்குக் கை எப்படி வந்துச்சு?"

"பேனர் அடிச்ச பையன் பழைய டிசைன்ல போட்டுட்டான்..."

நான் ஏணியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து, "அறுக்காதிய அண்ணாச்சி" என்று குரல் வந்தது. மிக்கேல். இரண்டு விரல் இல்லாத காலை லேசாகச் சாய்த்து வைத்து நின்றுகொண்டிருந்தார். இரங்கல் கூட்டத்தில் இவரைப் பேசக் கூப்பிடவே இல்லை, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போயிருந்தார்.

"அறுக்காமப் பின்ன? கும்பிடச் சொல்லுதீரா?"

"இருக்கட்டும். நல்ல படமாத்தான் போட்டிருக்காவ."

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துவந்து பேனருக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண் வந்தார். குதிகால் வெடித்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. "ஒரு செட்டு" என்று கடைக்குள் கையை நீட்டினார்.

"ஏளா, ஒரு நிமிசம். மேல படத்துல இருக்காவல்லா, அந்த டீச்சர் யாருன்னு தெரியுமா?" என்று கேட்ட மிக்கேல் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "எனக்கும் இப்படித்தான் வீங்குச்சு. இந்தக் கடைல செட்டு வாங்கிப் போட்டேன். வீக்கம் போச்சு. கூடவே இதுவும் போச்சு. மிச்ச காலு அந்த டீச்சர் குடுத்தது."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அடுத்து ஒரு லோடுமேன் வந்தார். மிக்கேல் மறுபடியும் செருப்பைக் கழற்றினார். மத்தியானம்வரை இதேதான். கடைக்காரர் கெஞ்சினார், அதட்டினார், போலீஸ் என்றார். "அஞ்சலிதான செலுத்துதேன்" என்றார் மிக்கேல். கடைசியில் கடைக்காரரே ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே பேனரை அவிழ்த்து, சுருட்டி உள்ளே கொண்டுபோனார். நாங்கள் யாரும் தொடவில்லை.

பேனர் போய்விட்டது. மிக்கேல் போகவில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் இன்றும் அங்கேதான் உட்காருகிறார். படத்துக்குப் பதில் வாயாலேயே செல்வக்கனியைச் சொல்கிறார். அவர் இருக்கும்போது, "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்கிற கடைக்காரர், அவர் இல்லாதபோது மறுபடியும் பொட்டலம் மடிக்கிறார்.

"விட்டுத் தொலைங்க, ஒங்களுக்குப் பிரஷர் ஏறுது" என்கிறாள் தங்கக்கனி. இதே மாதிரி ஒருமுறை நான் அந்தக் கடைக்காரரை அடிக்கப் போகிறேன் என்று துள்ளியபோது செல்வக்கனி சொன்னது நினைவிருக்கிறது. "கோவம் வரட்டும் அத்தான், வரணும். ஆனா வந்த வேல முடிஞ்சதும் போயிரணும். வெள்ளணுவும் அப்படித்தான். வேல முடிஞ்ச பொறவும் எடத்த விட்டு நகராம நின்னா சொந்தச் சதையையே அரிச்சிரும்."

எனக்கு அவள் வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தக் கோபம்தான். போக வேண்டிய நேரத்தில் அது போகட்டும், நானே வாசல்வரை வந்து அனுப்பி வைக்கிறேன். ஆனால் இன்று காலையிலும் அந்தக் கடையில் பொட்டலம் மடித்தார்கள். வேலை முடியவில்லை. மிக்கேலின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். அது எனக்கு.